வெல்மா வோசிக்காவின் பெயர்

ஜூன் 30, ஞாயிறு. நேற்று உழவர் சந்தையில் ஒரு தவறு செய்துவிட்டேன். சிறியதுதான் என்று நினைக்கிறேன், நிச்சயமில்லை.

வீட்டுக் கொல்லையில் கோழி வளர்க்கும் உரிமையை நெப்ராஸ்கா மாநில அரசியலமைப்பில் சேர்க்கும் திருத்தத்துக்குக் கையெழுத்துத் திரட்டுகிறேன். போதிய கையெழுத்து சேர்ந்தால் நவம்பரில் வாக்கெடுப்பு. மாலை வகுப்பில் குடிமையியல் படிப்பதால் விதிகள் எனக்கு மனப்பாடம். ஒவ்வொருவருக்கும் திருத்தத்தின் நோக்கத்தை வாய்விட்டு வாசிக்க வேண்டும். அவர் கையெழுத்திடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். எல்லாம் என் முன்னால்தான் நடந்தது என்று கடைசியில் நோட்டரி முன் நான் சத்தியம் செய்ய வேண்டும்.

நேற்று நான் அடுத்த ஆளுக்கு வாசித்துக்கொண்டிருந்தபோது, ஹார்லன் வோசிக்கா தன் பெயருக்குக் கீழே மனைவி வெல்மாவின் பெயரையும் போட்டுவிட்டார். வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன். எங்கள் கவுண்டிக்கு, அதாவது மாவட்டத்துக்கு, தேவையான எண்ணிக்கை வெல்மாவையும் சேர்த்து என் தாளின் இருபது பெயரோடுதான் நிறைகிறது. ஒப்படைக்க நாளை மாலை ஐந்து மணி கெடு.

வெல்மாவையே போடச் சொல்லலாம் என்று இன்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஹார்லன் கொல்லையில் கோழிகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார். அவற்றை அகற்றும்படி நகராட்சி நோட்டீஸ் கொடுத்திருக்கிறது.

"நாப்பது வருஷமா கிறிஸ்துமஸ் கார்டுல அவ பேரையும் நான்தானேப்பா போடுறேன்?" என்றார்.

வெல்மா வாசலுக்கு வந்தார். விதிப்படி நோக்கத்தை முழுதாக வாசித்தேன்.

"இதுல சேவலும் உண்டா?"

"உண்டு மேடம். திரும்ப வாசிக்கவா?"

"வேணாம். காலைல நாலு மணிக்கு அதுவே வாசிக்குது. சேவல் கூடாதுன்னு ஓரமா எழுதிக் குடு, போடுறேன்."

"வாசகத்தை நான் மாத்த முடியாதுங்க."

"அப்ப நானும் போட முடியாது."

கொல்லையிலிருந்து ஹார்லன் கத்தினார்: "போட்டுக் குடு வெல்மா, பாவம் பையன்!"

"என் பேரை எழுதுற கையை, கொஞ்சம் பாத்திரமும் கழுவச் சொல்லு!" என்று பதிலுக்குக் கத்திவிட்டு என்னிடம் திரும்பினார். "அந்த மனுஷன் பேரையும் சேர்த்து அடிச்சிடு தம்பி."

அதற்கு விதியில் இடமில்லை என்றேன். வெல்மாவின் வரியை மட்டும் அவர் பார்க்கவே கோடு போட்டு அடித்தேன். விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் சத்தியம் செய்யப்போவது நான்.

இப்போது பத்தொன்பது.

நாளை: காலை ஏழு மணிக்குத் தானியக் கிடங்கு வாசலில் நிற்க வேண்டும். ஒரு கையெழுத்து வாங்க வேண்டும், பேனாவை விட்டுக் கண்ணை எடுக்காமல். பிறகு நோட்டரியிடம் போக வேண்டும்.