சாய்ந்த எஃப்

நாமக்கல்லில் கோழிப்பண்ணைக்காரர்கள் சிலர் சேர்ந்து, தீவனத்தையும் தண்ணீரையும் சோதித்துப் பார்க்க ஓர் ஆய்வுக்கூடம் நடத்தி வந்தார்கள். 1987-இல் அங்கே ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்த குழந்தைவேல்தான் அங்கே ஆய்வாளன். கோயமுத்தூரில் போய் பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியும் கற்று வந்திருந்ததால், சோதனைக் கணக்கைப் போட்டு அறிக்கை அச்சடிக்கும் புரோகிராமை அவனே எழுதினான். எழுதியதிலிருந்து அவன் நடையே மாறிப்போயிற்று.

மைக்ரோ என்கிற, பத்து லட்சத்தில் ஒரு பங்கைக் குறிக்கும் கிரேக்க எழுத்து டைப்ரைட்டரில் கிடையாது. அதுவரை பேனாவால்தான் எழுதிச் சேர்த்துக்கொண்டிருந்தான். இனி மெஷினே போடும் என்று பண்ணைக்காரர்கள் சங்கக் கூட்டத்தில் அறிவித்து, எல்லோர் முன்னாலும் அச்சடித்தும் காட்டினான். எழுத்து பிசகாமல் விழுந்தது. கைதட்டினார்கள்.

அடுத்த வாரம் சௌந்திரம் வந்தார். திருச்செங்கோடு ரோட்டில் மூவாயிரம் கோழி வளர்ப்பவர். தன் கடலைப் புண்ணாக்கின் நச்சு அளவைச் சொல்லும் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங் தம்பி, இருவது போட்டு பக்கத்துல ஒரு எஃப் சாஞ்சு நிக்குதே, அது என்னங்க?"

குழந்தைவேல் எட்டிப் பார்த்தான். மைக்ரோ இருக்க வேண்டிய இடத்தில் சாய்ந்த எஃப். திரையில் அது சரியாகத்தான் இருந்தது. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். கைதட்டல் வாங்கிய வாய்க்கு அது வரவில்லை.

"பங்கஸுங்கக்கா. பூஞ்சைக்கு எஃப்னு போடறது."

"அப்படிங்களா," என்று சௌந்திரம் தாளை மடித்துக்கொண்டு போனார். அந்த நச்சு பூஞ்சையிலிருந்துதான் வருகிறது, ஆகவே இது முழுப் பொய் இல்லை என்று குழந்தைவேல் தன்னைத் தேற்றிக்கொண்டான். அப்படித் தேற்றிக்கொள்வதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

பிறகு காரணம் தேடினான். கரண்டு ஏறி இறங்குவதால் என்று நினைத்து, சங்கத்துக்குக் கடிதம் எழுதி ஸ்டெபிலைசர் வாங்க வைத்தான். பிரிண்டர் ரிப்பனை மாற்றினான். புரோகிராமை முதலிலிருந்து திரும்ப எழுதினான். ஒவ்வொரு தடவையும் எஃப் முன்னைவிடத் தெளிவாக விழுந்தது.

இதற்கிடையில் சௌந்திரத்தின் போர்வெல் தண்ணீர் அறிக்கை, குழந்தைவேல் பார்க்காமலே, ஆய்வுக்கூட உதவியாளர் கையால் போய்விட்டது. தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்தல் எண்ணுக்கும் அலகு மைக்ரோவில்தான். மறுநாளே அவர் வந்து நின்றார்.

"தண்ணியில ஆயிரத்தி நானூறு பங்கஸுங்களா? போரை நிறுத்திப்போட்டனுங்க. பக்கத்துத் தோட்டத்துல இருந்து வண்டியில தண்ணி ஏத்தி ஊத்தறோம். கோழிக்கு ஏதும் ஆயிருமுங்களா?"

"தண்ணி நல்ல தண்ணிதானுங்கக்கா. அறிக்கையில ஒரு தப்பு. பாத்துட்டு நானே வாரேன்," என்று மட்டும் குழந்தைவேல் சொல்லி அனுப்பினான்.

அவர் போனதும் உட்கார்ந்து, செய்ய வேண்டியதை முதன்முறையாகச் செய்தான். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. எல்லா எண்ணையும் வரிசையாக அச்சடித்தான். 127 வரை எழுத்துகள் நேராக நின்றன. அதற்கு மேல் அதே எழுத்துகள் மறுபடியும் வந்தன, சாய்ந்தபடி. மைக்ரோவின் எண் 230. அதில் 128-ஐக் கழித்தால் 102. அது எஃப்புடைய எண். கம்ப்யூட்டர் சரியாகத்தான் அனுப்பியிருக்கிறது. பிரிண்டர்தான் மேல்பாதி எண்களையெல்லாம் சாய்வெழுத்து என்று எடுத்துக்கொண்டிருக்கிறது.

பிரிண்டரோடு வந்த புத்தகத்தைப் பிரித்தான். இரண்டு எழுத்து வரிசையில் எது வேண்டும் என்று சொல்ல, பிரிண்டரின் பின்னால் ஒரு குட்டி சுவிட்ச் உண்டு என்று இருந்தது. அதைத் தள்ளினால், பிரிண்டரை அணைத்துத் திரும்பப் போட்ட பிறகுதான் மாற்றம் தெரியும் என்றும் இருந்தது.

அந்த சுவிட்சை யார் தள்ளியது என்று தேட வேண்டியிருக்கவில்லை. கைதட்டல் முடிந்த கையோடு, இது என்ன செய்யும் பார்ப்போம் என்று பேனா முனையால் தள்ளியவன் குழந்தைவேல். ஒன்றும் ஆகவில்லை என்று அப்படியே விட்டவனும் அவன்தான். அன்று சாயங்காலம் கரண்டு போய் வந்ததும் எஃப் குடியேறிவிட்டது. ஸ்டெபிலைசர் வாங்கச் சொல்லி எழுதிய காரசாரமான கடிதத்தை நினைத்து அவனுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் தெம்பில்லை.

புதிதாக அச்சடித்த தாளோடு சைக்கிளில் பண்ணைக்குப் போனான். சௌந்திரம் தீவன மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னான்.

"அப்ப பங்கஸுன்னது?"

"எனக்குத் தெரியிலீங்க. வாய்க்கு வந்ததைச் சொல்லிப்போட்டேன்."

சௌந்திரம் மூட்டை எண்ணுவதை நிறுத்தினார். "நானு நாலு பண்ணையில சொல்லிப்போட்டனே. பெரியசாமியண்ணன் போரையே மூடறேன்னு நிக்கறாரு. முதல்ல அங்க போய்ச் சொல்லுங்க." போர் மோட்டாரைப் போடச் சொல்லி ஆளைக் கூப்பிட்டுவிட்டு, புதுத் தாளை வாங்கிப் பார்த்தார்.

"இதென்னங்க, யூவுக்கு வால் மொளைச்சிருக்குது. இதுவும் தப்புங்களா?"

"இல்லீங்கக்கா, இதுதான் சரி," என்று ஆரம்பித்தான் குழந்தைவேல். அவர் நம்பவில்லை. அங்கேயே ஒரு சாக்கைத் திருப்பிப் போட்டு, கரித்துண்டால் பத்து லட்சத்துக்கான சைபர்களை எழுதி விளக்க ஆரம்பித்தான்.