கோணல் ‘ழ’

1

இந்தக் கதையை எழுத வைத்தவர் வீரராகவன். ஆபீசில் எனக்குப் பக்கத்து மேஜை. திங்கட்கிழமை டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டார்: “ஓய், டாக்குரியாவுல நம்பகமா ஒரு டயர்க்காரனைச் சொல்லுமே. ஞாயித்துக்கிழமை குழந்தைகளோட டிகா பீச்சுக்குப் போறேன். நாலு சக்கரத்தையும் கழட்டிப் பாக்கணும். வண்டியைக் கொஞ்சம் பதவிசாத் தொடறவனா இருக்கணும்.” பிறகு ஒரு வாய் மோர் சாதம் உள்ளே போனதும், “நட்டை முடுக்காம விட்டானே ஒரு கட்டேல போறவன், அவனைத் தவிர” என்றார்.

எனக்கு ஒரே ஒருவரைத்தான் தெரியும். அவர் அந்தக் கட்டையில் போகிறவர்தான். அந்தப் பட்டத்தை அவருக்கு வாங்கிக் கொடுத்தவன் நான். “யோசிச்சுச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு என் டப்பாவை மூடினேன். அதில் பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது.

நாளைக் காலை பதிலை எதிர்பார்ப்பார். அதற்குள் இந்தக் கதையை முடித்தாக வேண்டும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: “1979 செப்டம்பரில் கல்கத்தாவில் மின்சாரத்துக்கு வரத் தெரியவில்லை, மழைக்குப் போகத் தெரியவில்லை.” அடித்துவிட்டேன். குற்றம் செய்தவன்தான் சீதோஷ்ணத்திலிருந்து ஆரம்பிப்பான்.

அடுத்தது: “டயர் என்பது மனிதன் பூமியின் மீது வைக்கும்

இதை முடிக்காமல் விட்டிருக்கிறேன். இப்படிப்பட்ட வாக்கியங்கள் முடியாமல் இருப்பதே எல்லோருக்கும் நல்லது.

மூன்றாவதுதான் உண்மை: நான் பயந்தாங்கொள்ளி. எனக்கு முன் இரண்டு பேர் ஓட்டித் தேய்த்த அம்பாசடரை வாங்கிய நாளிலிருந்து எனக்குத் தூக்கம் குறைந்துவிட்டது. டாலிகஞ்சில் ஒருவன் ஹப் கேப்பைச் சுத்தியலால் அடித்து உட்கார வைத்தான். இன்னொருவன் என் டியூபை எடுத்துக்கொண்டு எவருடையதோ ஒன்றைப் போட்டு அனுப்பினான். அதன் பிறகு ஐந்து டயர்களிலும், ஸ்டெப்னி உட்பட, வால்வுக்குப் பக்கத்தில் ஓர் அடையாளம் வைத்தேன். ஷியாமளாவின் சிவப்பு நகப்பூச்சால் ஒரு சிறிய ‘ழ’. வங்காளத்தில் எவனாலும் அதை எழுத முடியாது என்பது என் கணக்கு.

(ஷியாமளா என் மனைவி. “சென்னையிலேயே பாதிப் பேருக்கு வராது, இங்க யாருக்கு வரப்போறது” என்றாள். அவள் கேலி செய்தாள். நான் அதை ஆமோதிப்பாக எடுத்துக்கொண்டேன்.)

3

இனி அவர். பெயர் நிதாய் என்று வைத்துக்கொள்வோம். டாக்குரியா பாலம் இறங்கும் இடத்தில் ஒரு தகரக் கொட்டகை. பின்பக்க இடது டயர் பஞ்சராகி, வேறு வழியில்லாமல் ஒரு மாலை அங்கே நின்றேன்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சிக்கல். அவர் செய்ததை அப்படியே எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். ஹப் கேப்பைக் கையால் நெம்பி எடுத்து, தன் தோளில் கிடந்த துண்டைத் தரையில் விரித்து, அதன் மேல் வைத்தார். கழற்றிய நட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அதற்குள் போட்டார். ஜாக் கொடுக்கும் முன் வண்டிக்கடியில் படுத்து, எங்கே துரு இருக்கிறது என்று விரலால் தட்டிப் பார்த்தார். இவ்வளவு நல்லவராக ஒரு பாத்திரம் இருக்கக் கூடாதே என்று, அவருக்குக் கொஞ்சம் முன்கோபம் கொடுத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. வெற்றிலை போடுவார், அது நிஜம். ஆனால் துப்புவதற்குக்கூட வண்டியை விட்டுப் பத்தடி தள்ளிப் போவார்.

நான் தலைமாட்டிலேயே நின்றேன். அவர் கை போன இடமெல்லாம் என் கண்ணும் போனது. டியூபுக்கு ஒட்டுப் போட்டு, சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கும்போது மின்சாரம் போய்விட்டது. இருட்டில் அவர் வங்காளியில் நீளமாக ஏதோ சொன்னார். “நட் டைட்டா?” என்று கேட்டேன். “ஹோபே, தாதா, ஹோபே” என்றார். ஆயிற்று அண்ணா என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஆகும் என்றுதான் அதற்கு அர்த்தம்.*

வண்டி அன்று அங்கேயே நின்றது. சாவியை மட்டும் நான் கொடுக்கவில்லை.

* இந்த ‘ஹோபே’யைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள். பின்னால் இதைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது.

4

மறுநாள் விஸ்வகர்மா பூஜை. நம் கணக்கில் புரட்டாசி பிறக்கிற நேரம். வானம் முழுக்கப் பட்டங்கள். நமக்கு ஆயுத பூஜை நவராத்திரியில்தான். இங்கே தொழில் செய்கிறவர்கள் அன்றைக்கே கருவிகளைச் சாமி முன் அடுக்கிவிடுவார்கள். அன்று முழுக்க ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்கமாட்டார்கள்.

எங்களுக்கு டாலிகஞ்சில் ஷியாமளாவின் சிநேகிதி நாகலட்சுமியின் வளைகாப்பு. ஷியாமளாவைப் பட்டுப்புடவையோடு அழைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். உள்ளே மணிச் சத்தம். நிதாய் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நான் நேராகப் போய் என் டயரைப் பார்த்தேன்.

‘ழ’ இருந்தது. ஆனால் அது என் ‘ழ’ இல்லை. வால் தப்பான பக்கம் திரும்பியிருந்தது. சிவப்பும் வேறு சிவப்பு.

டயரை மாற்றிவிட்டான்! மாற்றியது மட்டுமில்லாமல் என் எழுத்தையும் கள்ளக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். சண்டை போட எனக்குத் தைரியம் கிடையாது. அவர் கண்ணைத் திறக்கும் முன்னால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன்.

டாக்குரியா ஏரிப் பக்கம் திரும்பும்போது பின்னால் கடகடவென்று ஒரு சத்தம்.

“ஏன்னா, என்ன இப்படி ஆடறது?”

“ரோடு அப்படி.”

“ரோடு இல்லை. நிறுத்துங்கோ, எனக்குப் பயமா இருக்கு.”

பின்னாலிருந்து “தாமுன்! தாமுன்!” என்று யாரோ கத்தினார்கள். நிறுத்தச் சொல்கிறார்கள் என்பது எனக்கே புரிந்தது. நிறுத்தினேன். நிதாய் வெற்றுக்காலோடு சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் ஸ்பேனர். அதில் சாமந்தி இதழ்களும் சிந்தூரமும் ஒட்டியிருந்தன. சாமி முன்னாலிருந்து எடுத்து வந்திருக்கிறார்.

குந்தி உட்கார்ந்து, விரலால் சுழலும் அளவுக்குத் தளர்ந்திருந்த நட்டுகளை முடுக்கினார். கடைசி நட்டு இறுகியதும் ஸ்பேனரை நெற்றியில் ஒற்றிக்கொண்டார். அப்போதும் நான் விடவில்லை. அந்த எழுத்தைக் காட்டி, “இது என் டயர் இல்லை. சோர்!” என்று எனக்குத் தெரிந்த ஒரே வங்காளி வசவைச் சொன்னேன். திருடன்.

அவர் ஷியாமளாவைப் பார்த்துப் பேசினார். அவளுக்கு என்னைவிட வங்காளி நன்றாக வரும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு எனக்குச் சொன்னாள்.

“டயரைக் கழட்டறச்சே இரும்பு உரசி அந்த எழுத்து போயிடுத்தாம். நீங்க போனப்புறம்தான் பாத்தாராம். உங்க சாமியோட எழுத்துன்னு நெனச்சாராம். அழிஞ்சா ஆகாதேன்னு, பூஜைக்கு வெச்சிருந்த சிந்தூரத்தை எண்ணெயில குழைச்சு எழுதினாராம். மத்த டயரைப் பாத்துப் பாத்து எழுதினாராம். சரியா வரலைன்னா மன்னிச்சுக்கோங்கோங்கறார்.”

5

இங்கே கதையை முடித்திருக்கலாம். நான் அவர் கையைப் பிடித்தேன் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். சேர்த்தும் பார்த்தேன். அழித்துவிட்டேன், ஏனென்றால் நான் பிடிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறினேன்.

டாலிகஞ்சில் வந்திருந்தவர்கள் ஏன் தாமதம் என்று கேட்டார்கள். வண்டியை அவசரப்பட்டு எடுத்த நான்தான் காரணம் என்று சொல்ல வாய் வரவில்லை. “டயர்க்காரன் நட்டை முடுக்காம விட்டுட்டான். இன்னிக்கு நாங்க பொழைச்சது பெருமாள் புண்ணியம்” என்றேன். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் உச்சுக்கொட்டினார்கள். வீரராகவன் அங்கேதான் இருந்தார். ஷியாமளா இலையில் எலுமிச்சை சாதத்தைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். மறுக்கவில்லை.

இங்கே கார் வைத்திருக்கும் எந்தத் தமிழ்க் குடும்பமும் இரண்டு வருஷமாக அந்தக் கொட்டகைப் பக்கம் போவதில்லை.

‘ஹோபே’ பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? அது பொய். அன்று மாலை ஷியாமளா கூட இல்லைதான். ஆனால் நிதாய் வங்காளியில் சொன்னதையே மறுபடி இந்தியிலும் சொன்னார், சைகையும் காட்டினார்: ஒட்டு புதிது, காற்று இறங்கினால் மறுபடி கழற்ற வேண்டும், அதனால் நட்டு இப்போது கைமுடுக்குதான், நாளைக்குப் பூஜை, நாளன்றைக்கு முடுக்கித் தருகிறேன், அதுவரை எடுக்காதீர்கள். எனக்கு எல்லாம் புரிந்தது. மறுநாள் கெஞ்சிக் கேட்டு முடுக்க வைத்துவிடலாம் என்றுதான் போனேன். அந்த எழுத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்தது. ஒரு வார்த்தையின் மேல் பழி போட்டுத் தப்பிக்கத்தான் மூன்றாம் பகுதியை அப்படி எழுதினேன். அதை அழிக்காமல் விட்டிருக்கிறேன், நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்கும் தெரியட்டும்.

6

முடிவுகள்.

ஒன்று: கதை அச்சாகி, வீரராகவன் படித்துவிட்டு நேராக நிதாயிடம் போகிறார். நடக்காது. கதை வர மூன்று மாதமாகும். டிகா ஞாயிற்றுக்கிழமை.

இன்னொன்று: நான் இனிப்புப் பொட்டலத்தோடு கொட்டகைக்குப் போகிறேன். அவர் என்னை மன்னித்து

வேண்டாம். அவர் மன்னித்துவிடுவார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மூன்றாவதை ஷியாமளா சொன்னாள். இதுவரையிலான பக்கங்களைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “கதையில கூட அவர் பேரை மாத்திட்டேளே” என்றாள். சமையலறைக்குள் போய்விட்டாள்.

ஆமாம், மாற்றிவிட்டேன். கொட்டகை இருக்கும் இடத்தையும் கொஞ்சம் தள்ளித்தான் போட்டிருக்கிறேன். ஆகவே இந்தக் கதையை நம்பி யாரும் அவரைத் தேடிப் போகமுடியாது.

நாளை பத்தேகாலுக்கு வீரராகவன் குடையை மடக்கிக்கொண்டு வந்து, “யாரு ஓய் அந்த ஆளு?” என்று கேட்பார். அவருடைய இரண்டு குழந்தைகளும் பின் சீட்டில்தான் உட்காருவார்கள். நான் என்ன சொல்வேன் என்று எனக்கு இப்போதும் நிச்சயமில்லை. அதனால் இடம் விட்டிருக்கிறேன்:

“அவர் பேர் ............”

நீங்களே எழுதிவிடுங்கள். கோணலாக வந்தால் பரவாயில்லை. தனக்குத் தெரியாத ஓர் எழுத்தை, அழிந்து போகக் கூடாதே என்று, அவரும் அப்படித்தான் எனக்கு எழுதிக் கொடுத்தார்.