குளிருக்கு உள்ளே வந்த ஊமத்தைகள்

ஊரில் மனைவி நாகவள்ளி செத்துப்போன சேதி வந்த மறுநாளும் கார்மேகம் வேலைக்கு இறங்கினான்.

சவூதியில், தம்மாமில் கலீலுர் ரஹ்மான் பாய் வீட்டுத் தோட்டக்காரன் அவன். பாய் கீழக்கரைக்காரர். டவுனில் கட்டடச் சாமான் கடை வைத்திருந்தார். கார்மேகத்துக்கு முதுகுளத்தூர்ப் பக்கம். ஒரே மாவட்டத்து ஆள் என்றுதான் பாய் அவனை விசா எடுத்துக் கூட்டி வந்தார். சுற்றுச்சுவரை ஒட்டியிருந்த அறையில் அவனும் வீட்டு டிரைவர் சுஐபும் தங்கியிருந்தார்கள்.

நாகவள்ளிக்கு மஞ்சக்காமாலை என்றார்கள். நாட்டு மருந்தில் கொஞ்ச நாள் போய், பிறகு பரமக்குடி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நேரம் கடந்துவிட்டது. நாகவள்ளியின் தம்பி அன்பரசன்தான் போன் செய்தான்.

"மச்சான், நீங்க வர்ற வரைக்கும் வச்சிருக்க முடியாது. எல்லாரும் எடுத்துரலாம்ங்கிறாக."

"எடுத்துருங்க" என்றான் கார்மேகம்.

அவனுடைய பாஸ்போர்ட், விசாவுக்குப் பொறுப்பேற்ற அரபியான கபீலிடம் இருந்தது. கபீல் ரியாத்தில் இருந்தார். எப்படி ஓடினாலும் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. பாய் அன்று மாலையே அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்காவது போய் வா, கபீலிடம் தானே பேசுகிறேன் என்றார். கார்மேகம் தலையை ஆட்டி மறுத்தான்.

"முடிஞ்சு போச்சுல்ல பாய். இனிமே போயி என்ன பண்ண?"

உள்ளே ஏதோ உடையும் என்று அவன் காத்திருந்தான். ஒன்றும் உடையவில்லை. குடலுக்குள் பஞ்சை அடைத்து வைத்தது மாதிரி இருந்தது, அவ்வளவுதான். சோறு இறங்கியது. தூக்கமும் வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும், எப்போதும் போல செல்லை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினான். மேலே போய் நின்ற பிறகுதான், கூப்பிட ஆளில்லை என்பது ஞாபகம் வந்தது. காயப்போட்டிருந்த துணிகளை மடித்து எடுத்துக்கொண்டு இறங்கி வந்தான்.

அந்த வருஷம், 2008 ஜனவரியில், குளிர் கொன்றது. வளைகுடாவுக்கு வந்து அத்தனை வருஷமாகியும் அப்படி ஒரு குளிரை யாரும் பார்த்ததில்லை. வடக்கே தபூக் பக்கம் பனி கொட்டியதை டிவியில் காட்டினார்கள். தம்மாமிலும் ராத்திரியில் உறைநிலைக்கு இறங்கும் என்று பாய்க்கு யாரோ சொல்ல, அதைக் கேட்டதிலிருந்து பாயின் மனைவி அஸ்மத் பீவிக்கு இருப்புக் கொள்ளவில்லை. எல்லாம் அவருடைய ஊமத்தைகளுக்காக.

நம் ஊர்ச் சுடுகாட்டு ஓரத்தில் முளைக்கிற ஊமத்தை இல்லை அது. அந்த வகையறாதான், ஆனால் ஆள் உயரத்துக்கு மேல் மரமாக நிற்கும். பூ வானத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துத் தொங்கும். முழங்கை நீளத்துக்கு, இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த நிறத்தில் ஒவ்வொரு பூவும் ஒரு புனல் மாதிரி இருக்கும். பொழுது சாயும்போது மணக்க ஆரம்பித்தால் தெரு முனை வரை மணக்கும். இங்கிலீஷில் அதற்குத் தேவதையின் ஊதுகுழல் என்று ஏதோ பெயராம். கொடைக்கானலுக்குப் போன இடத்தில் அஸ்மத் பீவி ஒரு குச்சியை ஒடித்து, ஈரத் துணியில் சுற்றி, பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்தது. அந்த ஒரு குச்சியிலிருந்து பத்துக்கும் மேல் ஆக்கியிருந்தார். கோடையில் பச்சை வலைக்கு அடியில் வைத்து இரண்டு வேளையும் தண்ணீர் காட்டி உயிரைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. வெயில் போய்க் குளுமை வந்தால்தான் மொட்டு விடும். இந்த முறை மரம் கொள்ளாத மொட்டு.

"ஒரு ராத்திரி பனி பட்டாப் போதும், வெந்த கீரையாட்டம் ஆயிரும்" என்றார் அஸ்மத் பீவி. சமையலறைக் கதவுக்குப் பின்னால் துப்பட்டாவை இழுத்துப் போர்த்தியபடி நின்றிருந்தார். "எல்லாத்தையும் மஜ்லிஸுக்குள்ள கொண்டாந்துருங்க. கார்ப்பெட்டைச் சுருட்டச் சொல்லிட்டேன்."

மஜ்லிஸ் என்பது அந்த வீட்டில் விருந்தாளிகள் உட்காரும் பெரிய ஹால். விருந்தாளி வந்தால் எங்கே உட்காருவது என்று பாய் கேட்டதற்கு, செடிக்கு நடுவில் உட்காரட்டும் என்று பதில் வந்ததாம்.

அவர் கையுறைகளை நீட்டினார். "இதைப் போட்டுக்க கார்மேகம். கிளையை நறுக்கும்போது சாறு வடியும். அது விஷம். கையைக் கண்ணுல வச்சிராத."

"சரிக்கா."

காலையிலேயே தொடங்கினார்கள். தொட்டிகள் எல்லாம் சிமெண்ட் தொட்டிகள், காலி தொட்டியே ஓர் ஆள் கனம். தண்ணீர் விடாமல் மண்ணைக் காயப்போட்டிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அதற்கு அவகாசம் இல்லை. வாசல் உயரத்துக்கு மேல் போன கிளைகளைக் கார்மேகம் வெட்டுக் கத்தரியால் நறுக்கினான். பிறகு தொட்டியைச் சாய்த்துப் பிடிக்க, சுஐபு கேஸ் சிலிண்டர் ஏற்றும் தள்ளுவண்டியை அடியில் செருகுவான். ஒருவர் இழுக்க, ஒருவர் பின்னால் முட்டுக் கொடுத்துத் தள்ள வேண்டும். படியில் வண்டி ஏறாது. அங்கே மட்டும் பழைய கம்பளியைத் தொட்டிக்கு அடியில் கொடுத்து, இரண்டு பேரும் நாலு முனையையும் பிடித்துத் தூக்கினார்கள்.

கையுறையோடு சிமெண்ட் விளிம்பு வழுக்கியது. இரண்டாவது தொட்டியிலேயே கார்மேகம் அதைக் கழற்றிப் போட்டான்.

சுஐபு வாய் ஓயாமல் பேசுகிறவன். அன்றைக்கு அவனும் பேசவில்லை. "யல்லா" என்பான், தூக்குவார்கள். "கலாஸ்" என்பான், இறக்குவார்கள். குளிர்காற்று காதை அறுத்தது. மொட்டுகள் கார்மேகத்தின் முகத்தில் ஈரமாக உரசிக்கொண்டே வந்தன. அவன் எதையும் நினைக்கவில்லை. கனமான பொருளைத் தூக்கும்போது அந்தக் கனத்தைத் தவிர வேறு எதுவும் இருக்காது என்பது அவனுக்குப் பிடித்திருந்தது. இன்னும் நூறு தொட்டி இருந்தாலும் தூக்கியிருப்பான்.

கடைசித் தொட்டியைப் படியேற்றும்போது கம்பளி கிழிந்தது. தொட்டி ஒரு பக்கம் சரிய, அதைத் தாங்கப் போன கார்மேகம் தடுமாறி விழுந்து கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டான். பெரிய அடி இல்லை. எழுந்து, மறுபடி தூக்கி, தொட்டியை உள்ளே வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

டீ வந்தது. வெளியே வந்தவனுக்கு வெயில் கண்ணில் ஊசியாகக் குத்தியது. செல்லில் மணி பார்க்கப் போனால் எண்கள் கலங்கித் தெரிந்தன. துடைத்துப் பார்த்தான். இன்னும் கலங்கின.

"சுஐபு, மணி என்னான்னு பாரு. எனக்குத் தெரிய மாட்டேங்குது."

சுஐபு நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தான். கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டான். கார்மேகத்தின் இரண்டு கண்ணிலும் கண்மணி விரிந்து, கருவிழி மொத்தமும் கறுப்பாகக் கிடந்தது.

"அண்ணே, தலையில அடி பலமாப் பட்டுருக்கு. எந்திரிங்க. வண்டியில ஏறுங்க."

போகும் வழியெல்லாம் சுஐபு ஏதோ ஓதிக்கொண்டே ஓட்டினான். கார்மேகம் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தான். தலைக்குள் ரத்தம் கட்டியிருந்தால் ஆள் தூங்கியபடியே போய்விடுவானாம், யாரோ சொன்னது. அப்படி ஆனாலும் ஆகட்டும் என்று நினைத்தான். அந்த நினைப்பும் அவனைத் தொடவில்லை.

கிளினிக்கில் இருந்தவர் பாகிஸ்தானி டாக்டர். டார்ச் அடித்துப் பார்த்தார். வெளிச்சத்துக்குக் கண் சுருங்கவே இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுக்கச் சொல்லிச் சீட்டு எழுத ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தி, என்ன வேலை செய்துகொண்டிருந்தான் என்று உருதுவில் கேட்டார். செடி என்றான் சுஐபு. என்ன செடி என்றார். சுஐபு அஸ்மத் பீவிக்குப் போன் போட்டு டாக்டர் கையில் கொடுத்தான். அவர் பேசிவிட்டு, போனைத் திருப்பிக் கொடுத்து, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஸ்கேன் வேணாங்கிறாரு" என்று சுஐபு சொன்னான். "அந்தச் சாறு கண்ணுல பட்டா இப்படித்தான் ஆகுமாம். ரெண்டு மூணு நாள்ல சரியாப் போயிருமாம்."

டாக்டர் இன்னும் ஏதோ கேட்டார்.

"என்னவாம்?"

"வேலை செய்யும்போது அழுதீங்களான்னு கேக்குறாரு. ரெண்டு கண்ணும் ஒண்ணுபோல இருக்காம். ரெண்டையும் துடைச்சிருக்கணுமாம்."

"இல்லன்னு சொல்லு" என்றான் கார்மேகம்.

சுஐபு டாக்டரிடம் ஒன்றும் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு தமிழிலேயே பேசினான். "அழுதீங்கண்ணே. ரொம்ப நேரமா. ஒவ்வொரு தொட்டியையும் இறக்கி வச்சதும் கையால துடைச்சீங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. அதான் பேசாம இருந்துட்டேன்."

கார்மேகம் யோசித்துப் பார்த்தான். கிளை நறுக்கியது, வண்டியில் சாய்த்தது, படியில் தூக்கியது எல்லாம் வரிசையாக ஞாபகம் இருந்தது. அழுதது இல்லை. பக்கத்து ரூம்காரனைப் பற்றி யாரோ சொல்வதைக் கேட்பது போலிருந்தது. "அப்படியா?" என்று மட்டும் கேட்டான்.

அந்தக் கண்ணோடு வெளிச்சத்தில் வேலை செய்ய முடியாது. மறுநாள் அறைக்குள்ளேயே கிடந்தான். மத்தியானம் அஸ்மத் பீவி கஞ்சி கொண்டு வந்தார். அந்த அறை வாசலுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. உள்ளே வராமல் நிலைக்கு வெளியில் நின்றார்.

"பாய் கபீல்கிட்ட பேசிட்டாங்க. பாஸ்போர்ட்டைக் குடுத்து விடுறதாச் சொல்லிட்டாரு. நீதான் போக மாட்டேங்குறியாம். ஏம்ப்பா?"

ஒளி கூசாமல் இருக்கக் கார்மேகம் கண்ணில் துண்டைப் போட்டிருந்தான். முகம் மறைந்திருந்ததாலோ என்னவோ பேச்சு வந்தது.

"இங்க எதுவும் மாறலக்கா. அவ எப்பவும் இங்க இருந்ததில்ல. இப்பவும் இல்ல. அங்க போனாத்தான் அவ இல்லாமப் போவா."

அஸ்மத் பீவி கஞ்சியை வாசலோர ஸ்டூலில் வைத்து, ஆறுவதற்குள் குடிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் செல் அடித்தது. யார் நம்பர் என்று அவனால் படிக்க முடியவில்லை. எடுத்தான். மகள் ஜோதிமணி. ஏழாவது படிக்கிறாள். செத்த அன்றைக்கு அவளிடம் பேசியபோது அவள் தொண்டை கட்டிப்போய் ஒன்றும் புரியவில்லை. இப்போது குரல் தெளிவாக, பெரிய மனுஷி மாதிரி இருந்தது.

"அப்பா, மாமா அவுக வீட்டுக்கு வரச் சொல்றாக. காரியம் முடிஞ்சதும் நம்ம வீட்டப் பூட்டிறணும்ங்கிறாக."

"ம்."

"பூட்டிட்டா அப்புறம் யாருப்பா தொறப்பா? வெளக்கு வைக்கணும்ல? நான் அம்மாச்சியத் தொணைக்கு வச்சுக்கிட்டு இங்கனயே இருந்துக்கிறேன். சமைக்கத் தெரியும். மாமாட்ட நீ சொல்லுப்பா."

கார்மேகம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான்.

"பூட்ட வேணாம்த்தா" என்றான். "நான் வர்றேன்."

சொன்ன பிறகுதான் அது தன் வாயிலிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரிந்தது. அறைக்கு வெளியே போய் சுஐபைக் கூப்பிட்டு, பாயிடம் போய்ச் சொல்லச் சொன்னான்.

பாய் தாமதிக்கவில்லை. போய்த் திரும்பி வருவதற்கான எக்ஸிட் ரீ-என்ட்ரி அடித்து, டிக்கெட் போட்டு, சுஐபையே ஏர்போர்ட்டுக்கு அனுப்பினார். பதினாறாம் நாளுக்கு முந்தின நாள் கார்மேகம் ஊர் போய்ச் சேர்ந்தான். பெண்கள் அவனைப் பார்த்ததும் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். அவன் நடுவில் நின்றான். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. கல்லு மாதிரி நிக்கிறானே என்று யாரோ பின்னால் சொன்னது காதில் விழுந்தது. காரியம் முடிந்தது. கொள்ளி வைத்த மச்சினனே மீதிச் சடங்கையும் செய்தான். சொந்தக்காரர்கள் கிளம்பிப் போனார்கள். அன்பரசன் மட்டும் ஜோதிமணியைக் கூட்டிப் போவதாகத் திரும்பவும் சொல்லிப் பார்த்தான்.

"இருக்கட்டும் மாப்ளே" என்றான் கார்மேகம். "நான் இருக்கேன்."

"எம்புட்டு நாளைக்கு?"

"இருக்கேன்."

அன்று சாயங்காலம் ஜோதிமணி அடுப்பு மூட்டினாள். கார்மேகம் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "நீ நகரு" என்று அவளை எழுப்பி உட்கார்ந்தான். வளைகுடா ரூமில் அத்தனை வருஷம் தனக்குத்தானே பொங்கித் தின்றவன். பருப்பு வெந்தது. தக்காளி நறுக்கினான். உப்புக்காகக் கையை நீட்டினான். நீட்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. அலமாரியில் தேடினான். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தான். கடுகு, சீரகம், எதுவென்று தெரியாத ஒரு பொடி. இந்த அடுப்படியில் எது எங்கே இருக்கிறது என்பது தனக்குத் தெரியாது என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. மூடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றான்.

"உப்பு எங்கத்தா இருக்கு?"

"அடுப்புக்குப் பின்னால, சாடியில. அங்கதான் ஈரம் படாதுன்னு அம்மா வச்சிருக்கும்."

அவன் ஒரு கை அள்ளினான்.

"அம்புட்டு போடாதுப்பா அம்மா."

பாதியைத் திரும்பச் சாடியில் போட்டுவிட்டு, உள்ளங்கையை விரித்து அவளிடம் காட்டினான். அவள் எட்டிப் பார்த்து, இரண்டு விரலால் இன்னும் கொஞ்சம் எடுத்துச் சாடியில் போட்டாள்.

"இப்பப் போடு" என்றாள்.