காற்றில் பேச ஓர் இயர்பட்ஸ்

எங்கள் ஆபீசில் யாராவது புது போன் வாங்குவதாக இருந்தால் முதலில் என்னிடம்தான் கேட்பார்கள். சர்ச்சிலும் அப்படித்தான். ஆராதனை முடிந்ததும் யாராவது பக்கத்தில் வந்து, "ஜெபகுமார், இந்த மாடல் எப்பிடி?" என்பார்கள். நானும் டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, எதற்காக வாங்குகிறார்கள் என்று விசாரித்து யோசனை சொல்வேன். இந்தப் பதவி எனக்கு எப்படிக் கிடைத்தது என்று தெரியவில்லை. படித்தது பி.ஏ. வரலாறு. பார்ப்பது, மாமல்லபுரம் பக்கத்து ரிசார்ட்டுகளின் நீச்சல்குளங்களைப் பராமரிக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர் வேலை.

போன மார்ச்சில் ஒரு மேனேஜருக்குக் குனிந்து குளோரின் அளவைக் காட்டும்போது என் இயர்பட்ஸில் ஒன்று நழுவிக் குளத்தில் விழுந்தது. ஃபில்டரிலிருந்து அதை எடுத்து அரிசியில் புதைத்துப் பார்த்தேன். பிழைக்கவில்லை.

ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறவன் ஏனோதானோவென்று ஒன்றை வாங்க முடியுமா? பஸ்ஸிலும் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் உட்கார்ந்து யூடியூபில் விமர்சனங்களாகப் பார்த்துத் தள்ளினேன். என் மனைவி ஜாய்ஸ் செங்கல்பட்டில் ஒரு தனியார் லேபில் டெக்னீஷியன். "பாட்டு கேக்குறதுக்கா, பேசுறதுக்கா? எது அதிகம்?" என்று ஒரு தடவை கேட்டாள். இரண்டுக்கும்தான் என்றேன். நாள் முழுக்க எனக்குப் போன் பேச்சுதான். பாட்டு என்பது காலையும் மாலையும் திருக்கழுக்குன்றம் வழியாகப் போய்வரும் பஸ்ஸில் மட்டும். ஆனாலும் நான் பார்த்த விமர்சனம் அத்தனையும் பாட்டைப் பற்றியதுதான்.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே காசிநாதன் கடை. அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். "இதுல வோக்கல் கொஞ்சம் உள்ள போவுது" என்றேன். அவரும் மரியாதையாகத் தலையாட்டினார். அவ்வளவு நேரம் நின்றும் ஒருவருக்காவது போன் போட்டுப் பேசிப் பார்க்கத் தோன்றவில்லை. கடைசியில் கறுப்பாக, கூழாங்கல் மாதிரி இருந்த ஒன்றை வாங்கினேன். அன்று பஸ்ஸில் பாட்டுக்காரர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. ஏதோ நானே மூச்சுவிடக் கற்றுக்கொடுத்தது மாதிரி ஒரு பெருமை.

மறுவாரம் வெள்ளிக்கிழமை நெம்மேலி பக்கம் ஒரு ரிசார்ட்டில் இருந்தேன். கடலை ஒட்டிய இடம், காற்று சட்டையை உருவிக்கொண்டிருந்தது. அப்போது வேறொரு ரிசார்ட்டின் மேனேஜர் வாசுதேவன் போன் செய்தார். மறுநாள் அவர்கள் இடத்தில் கல்யாணம். குளத்துத் தண்ணீர் லேசாகக் கலங்கியிருக்கிறது, மொத்தத்தையும் திறந்து வெளியே விட்டுவிடலாமா என்று கேட்டார். பக்கத்தில் நின்று பேசுவது மாதிரி அவர் குரல் கேட்டது.

"தொறந்து வுடாதீங்க. ஃபில்டர ஓட்டி வுடுங்க, காலைல தெளிஞ்சிடும்" என்றேன்.

என் பேச்சில் அவருக்குக் கிடைத்தது "தொறந்து" என்பதும் "வுடுங்க" என்பதும்தான். நடுவில் இருந்ததைக் காற்று கொண்டுபோய்விட்டது. அவர் நல்ல மனிதர், சந்தேகப்பட்டு மறுபடி கேட்டார். அந்த நேரம் பார்த்துக் காற்று கொஞ்சம் ஓய்ந்தது. "நான் பொறுப்பு அண்ணாத்த, தைரியமா செய்ங்க" என்று நான் சொன்னது மட்டும் அவருக்குத் தெளிவாகக் கேட்டது.

கல்யாணத்தன்று காலை குளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் குளத்துக்குள் இறங்கி, நீல டைல்ஸ் மேல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்களாம். மத்தியானம் வரை டேங்கர் லாரிகள் வந்துகொண்டே இருந்தன.

எங்கள் முதலாளி தேசிகன் கத்த மாட்டார், அதுதான் கஷ்டம். என்னை உட்காரச் சொல்லி, என்ன நடந்தது என்று விசாரித்தார். இயர்பட்ஸில் கோளாறே இல்லை, ஒவ்வொரு வார்த்தையும் துல்லியமாகக் கேட்டது என்று அடித்துச் சொன்னேன்.

"யாருக்கு?" என்றார் அவர்.

சாயந்திரம் வீட்டில் சாப்பிடும்போது, வாசுதேவனுக்குக் காது சரியில்லை என்று ஜாய்ஸிடம் புலம்பினேன். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே, அவர் காதில் ஒன்றும் குறை இருக்காது என்றாள். கடற்கரையிலிருந்து நான் பேசினால் அவளுக்கும் ஒன்றும் கேட்பதில்லையாம். அது பழைய இயர்பட்ஸ் காலத்திலிருந்தே அப்படித்தானாம்.

"அப்ப தெனமும் ஆமா ஆமான்னியே?"

"கேக்கலன்னு சொன்னா இன்னும் கத்துறீங்க. ஒங்க பஸ்ஸுக்கு லேட்டாவுது. நீங்க நிறுத்துனதும் ஆமான்னுடுவேன்."

எங்கள் வீட்டில் கருத்து வேறுபாடே கிடையாது என்று நண்பர்களிடம் நான் சொல்லிவந்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது.

"மே மாசத்தோட வேலைய வுடறேன்னு சொன்னதுக்கு?"

ஜாய்ஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். "எந்த வேலைய?"

சொந்தமாகக் குளம் பராமரிக்கும் கம்பெனி ஆரம்பிக்கப் போவதாக ஒரு மாதத்துக்கு முன்பே அவளிடம் சொல்லியிருந்தேன். மணலில் நடந்துகொண்டே, உணர்ச்சிவசப்பட்டு, பஸ் வரும்வரை சொன்னேன். அவள் ஆமா என்றதும் கண்ணில் நீரே வந்துவிட்டது. இப்படி ஒரு துணை யாருக்கு அமையும் என்று நினைத்து, அந்த வாரமே விசிட்டிங் கார்டும் அடித்துவிட்டேன். இப்போது எழுந்துபோய் ஒரு கார்டை எடுத்துவந்து காட்டினேன். அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"ஒங்களை நம்பி மொதல்ல எந்த ரிசார்ட்டு வரும்?" என்று கேட்டாள்.

"வாசுதேவன்து" என்றேன்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் பசி போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஜாய்ஸ் என்னைக் காசிநாதன் கடைக்கு அழைத்துப் போனாள். அவள் போனோடு கடைக்குள் உட்கார்ந்துகொண்டாள். நான் ஒவ்வொரு இயர்பட்ஸாக மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் ஹாரன் சத்தத்துக்கு நடுவே நின்று, பஸ் போர்டுகளைப் படிக்க வேண்டும். அவளுக்கு என்ன கேட்கிறதோ அதைத் திருப்பிச் சொல்வாள். முதலில் மாட்டியதில் மதுராந்தகம் "மருந்தகம்" ஆனது. அடுத்ததில் பொத்தேரி "பூந்தோட்டம்" ஆனது. பக்கத்தில் நின்றவர் நான் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று அக்கறையாக விசாரித்தார்.

கடைசியாக மாட்டியதில் எல்லா ஊரும் சரியாக வந்தது. மேஜை விசிறியைக் காதருகே வைத்தும் பேசச் சொன்னாள். அதிலும் தேறியது. பார்க்க அழகில்லை, வெள்ளையாக, கன்னம்வரை தண்டு தொங்கும். பாட்டுப் போட்டால் குண்டானுக்குள்ளிருந்து பாடுவது போலிருக்கும். அதைத்தான் வாங்கினோம். கறுப்பை ஜாய்ஸ் எடுத்துக்கொண்டாள். பாட்டு அருமையாக இருக்கிறது, நன்றாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்றாள். பாராட்டா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை கடற்கரையிலிருந்து அவளைக் கூப்பிட்டு, இப்போதைக்கு வேலையை விடவில்லை என்றேன். அது முழுதாகக் கேட்டது. அவளும் முழுதாகப் பதில் சொன்னாள். லீவு நாளில் தனி பங்களா குளங்கள் ஒன்றிரண்டை எடுத்துச் செய்து பார்க்கலாம், ஆனால் அதை முதலில் தேசிகன் சாரிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள் என்றாள். பிறகு என் கம்பெனிக் கணக்கிலிருந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டியும் அவள் முடிக்கவில்லை.

வாசுதேவன் இன்னும் என்னோடு பேசுகிறார். நான் சொல்வதையெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு, "அப்பிடியே வாட்ஸப்லயும் போட்டுடுங்க அண்ணாத்த" என்பார். போட்டுவிடுகிறேன்.