ட்ரம்பெட்டின் வாயில் ஒரு நூல் கோன்

என் தம்பி ஹிதாயத்துல்லா மெட்ராஸில் ட்ரம்பெட் வாசிப்புக்கு டிகிரி படிக்கிறான் என்று சொன்னால், காதர்பேட்டையில் முதலில் யாரும் நம்புவதில்லை. நம்பிய பிறகு சிரிப்பார்கள். "ஊதறதுக்குமா படிப்பு? நம்மூரு பேண்டு செட்டுக்காரனெல்லாம் எந்தக் காலேசுக்குப் போனானுங்க?" என்று எங்கள் அத்தாவிடமே, பெற்ற தகப்பனிடமே கேட்பார்கள். அத்தா பசீர் அகமது அங்கே பனியன் மொத்த வியாபாரம் செய்கிறவர். வடக்கேயிருந்து வருகிற வியாபாரிகளிடம் வாய் ஓயாமல் பேசுகிற மனிதர் இந்தக் கேள்விக்கு மட்டும் ஒரே வரியில் முடித்துக்கொள்வார். "என்னமோ மெட்ராசுக்குப் போயிட்டு வர்றானுங்க" என்பார். தவறியும் 'படிக்கிறான்' என்று சொல்லமாட்டார். மூன்று வருஷமாகச் சொல்லவில்லை.

அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் என்ன, தெருமுனையில் நின்று பீப்பீ ஊதிக்கொண்டா இருந்தான்? கோடு போட்ட தாளில் புள்ளி புள்ளியாக எழுதியிருப்பதைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கக் கற்றான். எழுத்துப் பரீட்சைகள் எல்லாவற்றையும் எழுதித் தேறினான். மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான். பம்பாயிலிருந்து வருகிற ஒரு பரீட்சை அதிகாரி முன்னால் நின்று, பியானோவோடு சேர்ந்து ஒரு பெரிய உருப்படியைத் தொடக்கம் முதல் முடிவு வரை வாசித்துக் காட்ட வேண்டும். தேறினால் டிகிரி, ஊட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பேண்டு மாஸ்டர் வேலையும் காத்திருந்தது. தேறாவிட்டால் மறுநாளே கடையில் வந்து உட்கார வேண்டும், ட்ரம்பெட்டை விற்றுவிட வேண்டும். அத்தா அந்த நிபந்தனையின் பேரில்தான் அவனை அனுப்பியிருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

அந்தப் பரீட்சைக்காக விட்ட லீவில் அவன் மண்ணரையில் எங்கள் வீட்டுக்கு வந்த வாரத்தில்தான் என் கணவர் இறந்துபோனார்.

அவர் பெயர் ராஜா முகமது. அத்தாவின் கடையிலேயே வேலை பார்த்துக்கொண்டு எங்கள் வீட்டோடு இருந்தவர். மஞ்சள்காமாலை. அதைப் பற்றி நான் நிறையச் சொல்லப்போவதில்லை, சொல்ல உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஹிதாயத்து ஊருக்கு வரும்போதெல்லாம் அவனைக் கூப்பிட்டு, "இந்தத் தடவை என்ன பாடம் மாப்ளே, கொஞ்சம் காட்டு" என்று கேட்டவர் எங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான்.

நான் இத்தா இருந்தேன். புருஷனை இழந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருக்கவேண்டும். வெள்ளைச் சேலை, பூ கிடையாது, அத்தர் கிடையாது. அந்த வீட்டில் பாட்டு கூத்து எதுவும் கேட்கக்கூடாது என்பது எங்கள் தெரு சேர்த்துக்கொண்ட சட்டம். அம்மா முதல் நாளே ரேடியோவுக்குத் துணி போட்டு மூடிவிட்டாள். பக்கத்து வீட்டு குல்சார் பேகம் தினமும் வந்து என்னைப் பார்த்துவிட்டு, போகிற போக்கில் அந்தத் துணியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்.

ரேடியோவுக்கே இந்தக் கதி என்றால் ட்ரம்பெட்டுக்குக் கேட்கவா வேண்டும்?

முதலில் அவன் நொய்யல் கரைக்குப் போய் ஊதிப் பார்த்தான். சாயப் பட்டறை ஆட்கள் கூடிவிட்டார்கள். "எந்தக் கோயில்ல விசேசமுங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். அன்று மாலைக்குள் செய்தி காதர்பேட்டைக்குப் போய்விட்டது. 'மச்சான் மௌத்தாகி மண் காயல, இவன் ஆத்தங்கரையில மேளம் கொட்டறான்' என்று யாரோ அத்தாவின் காதில் போட்டார்கள். அத்தா வந்து கத்தவில்லை. சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அதற்கு மேல் ஹிதாயத்து வெளியே போகவில்லை.

ஆனால் ஊதாமலும் இருக்க முடியாது. உதடு மல்யுத்தக்காரன் உடம்பு மாதிரி, இரண்டு நாள் சும்மா விட்டால் தளர்ந்துவிடும் என்பான். வீட்டின் பின்பக்கத்து ஷெட்டில் எங்களுக்கு பனியன் துணி பின்னுகிற மூன்று மிஷின்கள் ஓடின. அதை ஒட்டியிருந்த நூல் அறைதான் அவனுக்கு வழி காட்டியது. நூல் சுற்றி வருகிற அட்டைக் கோன்கள் அங்கே குவிந்து கிடக்கும். அதில் ஒன்றை எடுத்து, மேலே பனியன் வேஸ்ட் துணியைச் சுற்றி, ட்ரம்பெட்டின் அகன்ற வாயில் செருகிப் பார்த்தான். அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்தியது. சத்தம் பானைக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி ஆகிவிட்டது. மிஷின் ஓடும்போது ஊதினால் தெருவில் ஒரு ஈ காக்காய்க்கும் கேட்காது. சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் கேட்கும்.

கோனை வைத்தால் சுருதி கொஞ்சம் ஏறிவிடுகிறது என்றான். அதற்கு ஒரு வழி வைத்திருந்தான். ட்ரம்பெட்டில் இழுத்தால் நீளுகிற ஒரு வளைவுக் குழாய் உண்டு. அதை வெளியே இழுத்தால் சுருதி இறங்கும், உள்ளே தள்ளினால் ஏறும். சாயங்காலம் பக்கத்து ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டு மாறும்போது சங்கு ஊதும். நீளமாக, அசையாமல் ஒரே சுருதியில் நிற்கும். அந்தச் சங்கோடு சேர்த்து ஊதிப் பார்த்து, குழாயை வெளியே இழுத்து வைத்துக்கொண்டான். அதன்பிறகு தினமும் மில் சங்கும் அவன் ஊதுவதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். அந்த நேரத்துக்காக நான் சுவரில் சாய்ந்து காத்திருப்பேன். இத்தா இருந்த அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே பிடிமானம் அதுதான்.

அந்த உருப்படி முழுக்க எனக்கு மனப்பாடம். நடுவில் ஒரு இடத்தில் படி படியாக ஏறி உச்சியில் நின்று திரும்பும். அங்கே அவன் தடுக்கி விழுவான். மறுபடி தொடங்குவான். தொழுகையில் உட்கார்ந்தால்கூட, என் கணவருக்காக துஆ கேட்கிற கையோடு அந்த ஒரு இடத்துக்கும் சேர்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

அவன் புறப்பட வேண்டிய நாள் வந்தது. அன்று ராத்திரி ரயில், மறுநாள் பரீட்சை. சாயங்காலம் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. அந்த வருஷம் கரண்ட் வருவதுதான் அதிசயம். மிஷின்கள் நின்றன. வீடு திடீரென்று காலியானதுபோல இருந்தது. அந்த அமைதியில் மில் சங்கு ஊதியது.

அவன் கோனைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். என்ன தோன்றியதோ, ட்ரம்பெட்டை எடுத்து, மெல்ல, கோன் இல்லாமல், சங்கோடு சேர்ந்து ஒரே ஒரு ஸ்வரம் ஊதினான்.

ஒட்டவில்லை. சங்கு ஒரு பக்கம், இவன் கீழே ஒரு பக்கம். பல் கூசியது. சங்கு நின்றதும் நான் அவன் பக்கம் போனேன்.

"கோனுக்காக இழுத்து வெச்சதுக்கா" என்றான். "உள்ள தள்ளுனாப் போதும். பயப்படாதீங்க."

தள்ளினான். குழாய் அசையவில்லை. முழு பலத்தோடு தள்ளினான். அப்போதும் அசையவில்லை.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வந்த புதிதில், ஷெட்டில் மிஷின் ஓட்டுகிற லிங்கசாமியின் எண்ணெய்க் குவளையிலிருந்து நாலு சொட்டு வாங்கி அந்தக் குழாயில் விட்டிருந்தான். மெட்ராஸில் எண்ணெய் விட்டால் எண்ணெயாக இருக்கும். பனியன் மிஷின் ஓடுகிற வீட்டில் அப்படியா? எங்கள் சோற்றுப் பானையிலேயே பஞ்சுத் தூசி படியும். எண்ணெயும் தூசியும் சேர்ந்து, இரண்டு மாதம் அசைக்காமல் விட்ட இடத்தில், பிசின்போல இறுகிவிட்டது.

"அழுத்தாதே, ஒடிஞ்சிரும்" என்று அவன் கையைப் பிடித்தேன். அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா வெந்நீர் கொண்டுவந்தாள். துணியை வெந்நீரில் முக்கி குழாயைச் சுற்றிக் கட்டினேன், அவிழ்த்து மண்ணெண்ணெய் விட்டேன், மறுபடி வெந்நீர். அம்மா வாய்க்குள் ஓதிக்கொண்டே இருந்தாள். அவன் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கட்டத்தில் கறுப்பாக ஏதோ கசிந்தது. மெல்ல முறுக்கித் தள்ளினான். குழாய் முனகிக்கொண்டு உள்ளே போனது.

எனக்கு உயிர் வந்தது. அவனுக்கு வரவில்லை.

"ஒருக்கா மெதுவா ஊதிப் பாக்கறேன்" என்று தொடக்கத்தை ஊதினான். சுருதி சரியாக இருந்தது. சத்தம்தான் சரியாக இல்லை. பிளந்து, நடுங்கி, எங்கேயோ ஓடியது. இரண்டு மாதம் கோனை முட்டி முட்டி ஊதிப் பழகிய உதடு அது. முன்னால் தடுப்பு இல்லாமல் போனதும் எவ்வளவு மூச்சு விடுவது என்று அதற்குத் தெரியவில்லை. மறுபடி ஊதினான். மறுபடி பிளந்தது. ட்ரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"எனக்கு ஊதவே மறந்துபோச்சுக்கா" என்றான். "கடைக்கே போயிர்றேன். ரயிலுக்குப் போறது தண்டம்."

எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அந்தக் கோன்மேல் வந்தது. என் துக்கத்துக்காக அடைத்த வாய் அது. என் கணவருக்காகச் செய்கிற மரியாதை, அவருக்குப் பிடித்த ஒன்றைக் கொல்வதாக இருந்தால் அது என்ன மரியாதை?

"எந்திரி" என்றேன். "சத்தமா ஊது. முழுசா."

"அக்கா, இத்தா ஊடு."

"கரண்டு வேற இல்லீயே கண்ணு, தெரு முச்சூடும் கேக்குமே" என்று அம்மா கையைப் பிசைந்தாள்.

"இத்தா இருக்கறது நானுங்கம்மா. அவன் ஊதறதுல எனக்கு இல்லாத வருத்தம் தெருவுக்கு எதுக்குங்க? அவரு இருந்திருந்தா இந்நேரம் ஊதுன்னுதான் சொல்லியிருப்பாரு. நீ ஊது தம்பி."

ஊதினான். முதல் இரண்டு வரி பிளந்துகொண்டே வந்தது. மூன்றாவதில் மூச்சு நிலைத்தது. அதன்பிறகு அந்தச் சத்தம் அறையை நிரப்பி, முற்றத்தைத் தாண்டி, வெளியே போனது. இரண்டு மாதமாக வண்டாகக் கேட்டது இவ்வளவு பெரியதா என்று இருந்தது. நான் அழுதேன். அவர் மையத்தை எடுத்த அன்றுகூட அவ்வளவு அழவில்லை. அழும்போதே பயமாகவும் இருந்தது. தெருவில் கதவுகள் திறக்கிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. அந்த நடு இடம் வந்தது. ஏறினான். உச்சிக்குப் போகும்முன் தடுக்கினான். நிற்காமல் மேலே வாசித்துக்கொண்டு போனான்.

அவன் தடுக்கும்போதே தெருவுக்குள் வந்துவிட்ட குதிரை வண்டி வாசலில் நின்றது. அவனை ஸ்டேஷனுக்கு அனுப்ப அத்தா வண்டியோடு வந்துவிட்டார். ஹிதாயத்துக்குக் கேட்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தான். நான் திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்றேன்.

எதிர்பார்த்தபடியே குல்சார் பேகம் வாசலில் இருந்தார். அவருக்குப் பின்னால் தெருவில் பாதி.

"ஏனுங்கண்ணே, உங்கூட்டுல என்ன கல்யாணமுங்களா?" என்று கேட்டார்.

அத்தா செருப்பைக் கழற்றினார். ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு மற்றதைக் கழற்றாமல் அப்படியே நின்றார். உள்ளேயிருந்து வந்த சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். உள்ளே வந்து அதைப் பிடுங்கிப் போடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். இனி ஊட்டியும் இல்லை, ஒன்றும் இல்லை என்று நினைத்தேன்.

"கல்யாணமெல்லாம் இல்லீங்க" என்றார் அத்தா. "பையனுக்கு நாளைக்குப் பரீட்சை. படிக்கிறானுங்க."

"மௌத்து ஊட்டுல இவ்வளவு சத்தமாவுங்களா படிப்பாங்க?"

"வாய்க்குள்ளயே முணுமுணுத்தா மண்டையில ஏறாதுங்களே" என்று சொல்லிவிட்டு, மற்றச் செருப்பையும் கழற்றிப்போட்டு உள்ளே வந்தார்.

அவரைப் பார்த்ததும் ஹிதாயத்து வாசிப்பை நிறுத்தி, ட்ரம்பெட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அம்மா அடுப்படி வாசலைவிட்டு நகரவில்லை. அத்தா தரையில் கிடந்த கோனை எடுத்தார். சுற்றியிருந்த வேஸ்ட் துணியைத் தொட்டுப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். அது எதற்கு, எத்தனை நாளாக என்று அவர் கேட்கவில்லை. அதை நூல் அறைப் பக்கம் வீசிவிட்டு என்னையும் ஒரு முறை பார்த்தார்.

"நடுவுல மேல ஏறுற எடத்துல தடுக்குச்சே" என்றார் அவனிடம். "அதை இன்னொருக்கா படி. வண்டி நிக்கட்டும்."