சனிக்கிழமை எண்ணெய்

எங்கள் மோட்டார் வண்டியின் வயிற்றுக்குள் யாரோ இருந்துகொண்டு கதவைத் தட்டுவதுபோல் ஒரு வாரமாகச் சத்தம் வந்தது. வண்டியை நிறுத்திவைத்து இயந்திரத்தை மட்டும் ஓடவிட்டால் மெல்லத் தட்டும். ஆற்றுப் பாலத்து மேட்டில் ஏறும்போது ஓங்கித் தட்டும் என்று அதை ஓட்டும் ஐயம்பெருமாள் சொன்னான்.

என் அப்பா காந்திமதிநாத பிள்ளை வக்கீல். வண்ணாரப்பேட்டையில் மோட்டார் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். தூத்துக்குடியில் நீராவிப் படகுகளுக்கு இயந்திரம் பார்க்கும் தொம்மையை அப்பா வரவழைத்தார். அவர் ரயிலில் வந்து இறங்கிய காலையில்தான் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தந்தியும் வந்தது. என் அக்கா வடிவம்மாள், இது இரண்டாவது பேறு என்பதால், அங்கே மாமியார் வீட்டிலேயே இருந்தாள். இரண்டு நாளாக வலி, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, டாக்டரம்மாவைக் கூட்டிவரவும் என்று தந்தியில் இருந்தது.

பாளையங்கோட்டை டாக்டரம்மா, அன்றைக்கே திரும்பக் கொண்டுவிட்டால் வருவதாகச் சொல்லியனுப்பினார். மாட்டு வண்டியென்றால் போய்ச் சேரவே பொழுது சாய்ந்துவிடும். மோட்டாரில் ஒன்றரை மணி நேரம். "பதினோரு மணிக்குள்ள சரி பண்ணிரும், தொம்மை" என்று சொல்லிவிட்டு, அப்பா டாக்டரம்மாவை ஆயத்தப்படுத்த ஜட்கா ஏறிப் போனார்.

நான் முன்னறை ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். போன ஆவணியில் பெரியவளானதும் என் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். வெளி ஆண்கள் இருக்கும்போது வாசலுக்குப் போகக் கூடாது.

தொம்மை ஓர் அகப்பை கேட்டு வாங்கினார். காம்பின் நுனியை இயந்திரத்தின் மேல் ஊன்றி, சிரட்டையைக் காதோடு வைத்துக்கொண்டார்.

"லே ஐயம்பெருமாளு, பைய ஓடவிடு."

"என்ன அண்ணாச்சி சொல்லுது?"

"வெள்ளைக்காரன் வித்த வண்டில்லா. சீமைக்குப் போகணும்னு கதவைத் தட்டுது."

பிறகு திருப்புளியால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் தீப்பொறியை நிறுத்திப் பார்த்தார். முதலாவதை நிறுத்தியபோது தட்டல் குறையவில்லை, இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதை நிறுத்தியதும் அமுங்கிப் போயிற்று. இயந்திரத்தை அணைத்து, பக்கத்து மூடியைக் கழற்றிக் கையை உள்ளே விட்டார். வெளியே எடுத்த விரல்களில் கரும்பாகு போல ஏதோ நூல்நூலாக இழுத்தது.

"என்ன எண்ணெய்லே ஊத்துதிய?"

"தகர டப்பா எண்ணெய்தான் அண்ணாச்சி. சத்தியமா."

"டப்பா எண்ணெய் இப்படிப் பிசினா ஆகாதே. வேற எதுவும் ஊத்தியிருந்தா எல்லாத்தையும் வடிச்சி, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவணும். ஒரு மணி நேரம் செல்லும். இல்லேன்னா போற வழியில இறுகிப் பிடிச்சிக்கிடும்."

"சாமி மேல ஆணை. நான் ஊத்துனது டப்பா எண்ணெய்தான்."

அவன் பொய் சொல்லவில்லை. சனிக்கிழமை காலையில் அவன் எண்ணெய் தேய்த்துக் குளிக்கத் தன் வீட்டுக்குப் போய்விடுவான். அப்பாவுக்கும் அன்றைக்குத்தான் எண்ணெய்க் குளியல். மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயில் அப்பா தலைக்குப் போக மிச்சமிருப்பதை அம்மா வண்டிக்கு எடுத்துப் போவாள். வண்டி திரும்பி வந்ததும் அதன் மூக்கிலிருந்து ஆவி பறப்பதை அவள் பார்த்திருந்தாள். இவ்வளவு உஷ்ணம் உடம்புக்கு ஆகுமா என்பாள். ஐயம்பெருமாள் எந்தத் துளையில் ஊற்றுவான் என்பதும் அவளுக்குத் தெரியும். நாலு சனிக்கிழமையும் கிண்ணத்தைப் பிடித்தவள் நான்.

அடுக்களைக்கு ஓடினேன்.

"அம்மா, நம்ம ஊத்துன எண்ணெய்னாலதான். சொல்லிருவோம்மா."

"உங்கப்பா தலையில வைக்கித எண்ணெயைத்தானே ஊத்துனேன், விஷத்தையா ஊத்துனேன்? அவுகளுக்கு ஒண்ணும் செய்யாதது இரும்புக்குச் செஞ்சிருமோ? ஏளா, பேசாம இரு."

அக்காவுக்காகக் காசு நேர்ந்து முடிந்த மஞ்சள் துணியை நாலாவது முறையாக அவிழ்த்து மறுபடி முடிந்தாள்.

என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, 'வண்டியில் நல்லெண்ணெய் ஊற்றியிருக்கிறது. நாலு சனிக்கிழமை' என்று பென்சிலால் எழுதினேன். மோர்ச் செம்பின் அடியில் அதை வைத்து, செம்பை நிலைப்படியில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். ஐயம்பெருமாள் இரண்டையும் எடுத்துப் போய்க் கொடுத்தான்.

தொம்மை மோரைக் குடித்தார். தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். இருவருக்குமே எழுத்து தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"காயிதம் கெட்டியா இருக்கே. மூடிக்கு அடியில வைக்க ஒரு காயிதம் வேணும்னு வீட்டுல எப்படித் தெரிஞ்சிது?"

"வக்கீல் வீடுல்லா அண்ணாச்சி" என்றான் ஐயம்பெருமாள்.

தொம்மை உள்ளே கையை விட்டு, மூன்றாவது சிலிண்டரின் தண்டைக் கவ்வும் பிடி தேய்ந்து ஆடியதால், அதன் இடைவெளியில் இருந்த மெல்லிய தகடு ஒன்றை உருவி, திருகை இறுக்கினார். என் தாளை மூடியின் அளவுக்குக் கத்தரித்து, எண்ணெயில் நனைத்து, மூடிக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் வைத்து மூடினார். எழுத்திருந்த பக்கம் உள்ளே போயிற்று.

வண்டி தட்டவில்லை. அப்பா வந்து இறங்கி, அந்தச் சத்தமின்மையைக் கேட்டுச் சிரித்தார். சட்டை மாற்ற உள்ளே வந்தபோது, "அப்பா" என்றேன்.

"வந்து கேக்கேன் தாயி. அக்காவைப் பாத்துட்டு வந்து கேக்கேன்."

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, போகிற வழியில் டாக்டரம்மாவை ஏற்றிக்கொள்ள அப்பாவும் ஐயம்பெருமாளும் கிளம்பினார்கள்.

சாயங்காலம் ஐயம்பெருமாள் நடந்து வந்தான். செய்துங்கநல்லூர் தாண்டியதும் மறுபடி தட்டி, பிறகு ஒரேயடியாக இறுகி நின்றுவிட்டதாம். வாழைத்தார் ஏற்றி வந்த வண்டியைக் காலியாக்கி, அப்பாவும் டாக்டரம்மாவும் அதில் போனார்களாம்.

அக்கா பிழைத்தாள். பிள்ளை செத்துப் பிறந்தது. டாக்டரம்மா, மூன்று மணி நேரம் முந்தி வந்திருக்கலாம் என்று மட்டும் சொன்னாராம்.

நாலு நாள் கழித்து, மாடு கட்டி இழுத்து வந்த வண்டியைத் தொம்மை மறுபடி திறந்தார். அப்பா பக்கத்தில் நின்றார். மூடியோடு ஒட்டி வந்த தாளைத் தொம்மை உரித்துக் கீழே போட்டார். அப்பா குனிந்து எடுத்தார். அவர் கடிதங்களுக்கு உறைமேல் விலாசம் எழுதுவது நான்தான், அந்த எழுத்து அவருக்குத் தெரியும். அதைப் படித்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். நான் நகரவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவிடமும் கேட்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. அம்மா எண்ணெய் காய்ச்சினாள். அப்பா மணையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தார். அவள் ஊற்றித் தேய்க்கத் தேய்க்க, அவர் கண்ணை மூடிக்கொண்டே இருந்தார். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். வண்டிக்கு எடுத்துப்போகும் அளவுக்கு அதில் மிச்சம் இருந்தது.