நாலு பேர் தூக்கும் வண்டி

மேலப்பாளையத்தில் ஜவுளி வியாபாரம் செய்துவந்த கனி ராவுத்தர், 1914ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு நாள் பாளையங்கோட்டைக்கு நடந்தே வந்தார். மிஸ்திரி பாக்கியசீலனின் பட்டறையில் கிடந்த மரப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து, தனக்கு ஒரு மோட்டார் கார் வாங்கித் தந்து, அதை ஓட்டவும் வேண்டும் என்றார்.

பாக்கியசீலன் கொழும்பில் ஒரு வெள்ளைக்காரரின் மோட்டார் கொட்டகையில் எட்டு வருஷம் வேலை பார்த்தவன். ஊர் திரும்பிய பிறகு அரிசி மில் இன்ஜின்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். கார் என்ற சொல்லைக் கேட்டதும் சுத்தியலைக் கீழே வைத்தான்.

"எங்க ஓட்டுறதுக்கு அண்ணாச்சி? தூத்துக்குடிக்கா?"

"மக்காவுக்கு."

"கப்பல்ல ஏத்திக் கொண்டு போறியளா?"

"கப்பல்ல போறதா இருந்தா காரு எதுக்கு, வே? தரை வழியா."

பாக்கியசீலன் சிரிக்கப் போனவன், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். ராவுத்தர் தரையைப் பார்த்தபடி சொன்னார். ஒன்பது வருஷத்துக்கு முன்பு அவரும் அவர் மனைவி மீரா பீவியும் பம்பாயில் கப்பலேறி ஹஜ்ஜுக்குப் போனார்கள். ஏடன் வர இரண்டு நாள் இருக்கும்போது மீராவுக்கு வாந்திபேதி கண்டது. ஒரு பகலுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உடலைக் கப்பலில் வைத்திருக்க விடமாட்டார்கள். கஃபன் துணி சுற்றி, தொழுகை நடத்தி, பலகையைக் கடலுக்குள் சாய்த்தார்கள். ராவுத்தர் தனியாகப் போய் ஹஜ்ஜை முடித்தார். திரும்பி வந்த கப்பலில் கரை சேரும்வரை அவர் மேல்தளத்துக்கு ஏறவே இல்லை.

"அவ பேரால ஒரு ஹஜ் செய்யணும். தன் கடமைய முடிச்சவன் மவுத்தானவுகளுக்காவச் செய்யலாம். ரெண்டு தடவை பம்பாய் வரைக்கும் போனேன், வே. கப்பல் ஏணியில கால் வைக்க முடியல. அவ அங்கன அடியில கெடக்கா. அவளுக்கு மேல ஏறி நான் போவவா?"

பாக்கியசீலன் கையிலிருந்த எண்ணெய்த் துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

ராவுத்தர் சட்டைக்குள்ளிருந்து ஒரு தேசப்படத்தை எடுத்து விரித்தார். வழியை ஏற்கெனவே பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். மதுரை, பம்பாய், கராச்சி, குவெட்டா. அதற்கப்பால் பாரசீகம். பாரசீகத்தைத் தாண்டினால் பாக்தாத்.

"பாக்தாத்துல இருந்து திமிஷ்க். அங்கன இருந்து மதீனாவுக்குத் துருக்கிக்காரன் ரயில் விட்டிருக்கான். நீரு அதுல வர முடியாது, எங்க ஆளுவள மட்டுந்தான் விடுவாங்க. நான் திரும்பி வாரவரைக்கும் நீரு திமிஷ்க்குல தங்கிக்கிடும்."

"திமிஷ்க்குன்னா எது அண்ணாச்சி?"

ராவுத்தர் விரலை வைத்தார். பாக்கியசீலன் குனிந்து இங்கிலீஷ் எழுத்துகளைக் கூட்டிப் படித்தான். வேதப்புத்தகத்தில் வரும் தமஸ்கு! பவுல் அப்போஸ்தலன் கண் தெரியாமல் கைபிடித்து நடத்தப்பட்ட ஊர், கூடையில் வைத்து மதில் வழியே இறக்கிவிடப்பட்ட ஊர். அங்கிருந்து அவன் பார்வை தானாகக் கீழே இறங்கியது. ஒரு விரற்கடைகூட இல்லை, எருசலேம் இருந்தது.

"எந்த வண்டின்னு நான் பாத்துச் சொல்லுதேன்" என்றான். அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது.

அன்று சாயங்காலம் அவன் வேதப்புத்தகத்தின் கடைசியில் இருந்த படத்தைத் திறந்து, தமஸ்குவிலிருந்து எருசலேமுக்குத் தையல் நூல் ஒன்றை வைத்து அளந்துகொண்டிருந்தான். அவன் மனைவி சாலோமி பின்னால் வந்து நின்றாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்குப் பாடம் நடத்துகிறவள்.

"ராவுத்தர் மக்காவுக்குப் போறாரு. நீங்க எங்க போறிய?"

"வண்டி ஓட்டப் போறேன்."

"வண்டி ஓட்டுறவருக்கு இந்த அளவு எதுக்கு?"

அவன் நூலை விரலில் சுற்றினான். அவள் சற்று நேரம் அந்த நூலையே பார்த்தாள்.

"போனா, அங்கன நின்னு என் பேரையும் ஒரு தடவை சொல்லுங்க" என்றாள்.

மாசி மாதம் இருவரும் சென்னைப்பட்டணம் போனார்கள். மவுண்ட் ரோட்டில் மூன்று கடைகளில் மூன்று வண்டிகள் பார்த்தார்கள். முதல் வண்டி இங்கிலாந்தில் செய்தது. கரும்பச்சை நிறம், பித்தளை விளக்குகள், கட்டில் போல அகலமான பின் இருக்கை. ராவுத்தர் ஏறி உட்கார்ந்தவர் இறங்க மனமில்லாமல் இருந்தார்.

"வே, இதுல காலை நீட்டிப் படுக்கலாம்."

பாக்கியசீலன் கொண்டுவந்திருந்த சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தான். "தரைக்கும் இது வயித்துக்கும் ஒரு சாண்தான் இருக்கு அண்ணாச்சி. நம்மூர் வரப்புலயே தட்டும்."

இரண்டாவது வண்டி சின்னது, பிரெஞ்சுக்காரர்கள் செய்தது. அதன் சங்கிலி வெளியே தெரிந்தது. "இதுக்குள்ள மணல் ஏறுனா அரம் மாதிரி ராவிரும்" என்று சொல்லி அவன் நகர்ந்துவிட்டான்.

மூன்றாவது அமெரிக்க வண்டி. கொக்கு போல உயரக் காலில் நின்றது. கறுப்பு நிறம், ஒரு மினுக்கும் இல்லை. பாக்கியசீலன் அடியில் படுத்தான், வெகுநேரம் எழுந்து வரவில்லை. வந்ததும் கடைத் துரையிடம் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒரே கேள்வி கேட்டான்: இதைத் தூக்க எத்தனை ஆள் வேண்டும்?

வேகத்தையும் மெத்தையையும் பற்றியே கேட்டுப் பழகிய துரை திகைத்துப் போனார். பாக்கியசீலன் தெருவில் நின்ற கூலியாட்கள் நான்கு பேரைக் கூப்பிட்டு, பின்பக்கத்தைப் பிடிக்கச் சொன்னான். சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு ஒரு முழம் எழும்பின.

"பாத்தியளா? மணல்ல முங்கினா நாலு பேர் போதும். கார் தெரிஞ்ச ஆள் வழியில கெடைக்க மாட்டான். நாலு பேர் எந்த ஊர்லயும் கெடைப்பாங்க. அடியில உள்ள வில்லுப்பட்டை ஒடிஞ்சாலும் ஒரு கொல்லன் காய்ச்சி அடிச்சுத் தந்துருவான்."

ராவுத்தர் தெருவுக்கு எதிர்ப்புறம் முதல் கடையில் நின்ற பச்சை வண்டியைத் திரும்பிப் பார்த்தார். "மீரா இருந்தா அதைத்தான் எடுக்கச் சொல்லுவா" என்றார். பிறகு, "சரி வே, இதையே எடும்."

வண்டி சரக்கு ரயிலில் வந்து சேர்ந்தது. பாக்கியசீலன் மற்ற வேலைகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு அதிலேயே கிடந்தான். பக்கவாட்டில் பெட்ரோல் டின்கள் வைக்கச் சட்டம் அடித்தான். தண்ணீருக்குத் தோல்பைகள் தொங்கவிட்டான். மணலில் சக்கரத்துக்கு அடியில் போடப் பனைநாரில் தடித்த பாய்கள் பின்னச் சொல்லி வாங்கினான். மேடு ஏறுகிறதா என்று பாபநாசம் வரை ஆற்றோரமாக ஓட்டிப் பார்த்தான். ராவுத்தர் பம்பாய் வியாபாரிகள் மூலம் கராச்சிக்கும் குவெட்டாவுக்கும் கடிதம் எழுதினார். ஒட்டகங்களில் பெட்ரோல் டின்களை முன்கூட்டியே அனுப்பி வைப்பதாக அங்கிருந்து பதில் வந்தது. ஆவணி பிறந்ததும் கிளம்புவதென்று முடிவாயிற்று. அந்த வருஷம் ஹஜ் ஐப்பசியில் வந்தது.

மணலில் ஓட்டிப் பார்க்காமல் போகக்கூடாது என்று பாக்கியசீலன் சொன்னான். சித்திரையில் ஒரு நாள் இருவரும் தெற்கே தேரிக்காட்டுக்குப் போனார்கள். கண்ணுக்கெட்டியவரை செக்கச்சிவந்த மணல் மேடுகள், இடையிடையே பனைகள். டயர்களில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு, பாயை விரித்து, அவன் ஒரு மேட்டில் ஏற்றினான். இரண்டு தடவை வண்டி அச்சு வரை புதைந்தது. இரண்டு தடவையும் பனையேறிகள் நான்கு பேர் ஓடி வந்து சிரித்துக்கொண்டே தூக்கிவிட்டார்கள். மூன்றாவது தடவை இன்ஜின் அலறிக்கொண்டு உச்சிக்குப் போய் நின்றது.

"ஏறிட்டு அண்ணாச்சி! ஏறிட்டு!"

ராவுத்தர் தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். பாக்கியசீலன் திரும்பிப் பார்த்தான். பனைகளுக்கு அப்பால் கடல் இருந்தது. மேட்டின் உயரத்தை மட்டும் யோசித்து வந்தவன், அதன்மேல் ஏறினால் என்ன தெரியும் என்று யோசிக்காமல் போய்விட்டான்.

"அண்ணாச்சி, எனக்கு நெனப்பு வரல..."

"உவரிக் கடலா அது?"

"ஆமா."

ராவுத்தர் இறங்கி நடந்தார். மணலில் கால் புதையப் புதைய நடந்து, உவரிக் கரை வரை போனார். பாக்கியசீலன் தள்ளியே பின்தொடர்ந்தான். கட்டுமரங்களுக்குப் பக்கத்தில் மீன் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் தலைப்பாகை கட்டிய அந்த மனிதரை வேடிக்கை பார்த்தார்கள். அவர் கடலுக்கு முதுகைக் காட்டி மணலில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்துத்தான் தண்ணீர்ப் பக்கம் திரும்பினார்.

"அந்தத் தண்ணியும் இந்தத் தண்ணியும் ஒண்ணா, வே?"

"எல்லாம் ஒரே தண்ணிதான் அண்ணாச்சி."

ஓர் அலை வந்து திரும்பிய இடத்தில், ஈர மணலின்மேல் உள்ளங்கையைப் பதித்து வைத்திருந்தார். "குளுந்து இருக்கு" என்றார்.

ஆடி மாதக் கடைசியில் ஐரோப்பாவில் சண்டை மூண்ட செய்தி வந்தது. அடுத்த வாரம் கராச்சியிலிருந்து தந்தி வந்தது: பெட்ரோல் அனுப்ப இயலாது. ஐப்பசியில் துருக்கியும் சண்டையில் இறங்கிற்று. தமஸ்குவும் பாக்தாதும் எதிரி நாடாகிவிட்டன. ஞாயிறு கோயிலில் வேதத்தின் சங்கீதங்களை வாசிக்கையில் எருசலேம் என்ற பேர் வரும்போதெல்லாம் பாக்கியசீலன் தலையைக் குனிந்துகொண்டான்.

வண்டி பட்டறையில் நின்றது. வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ முடிந்ததும் ராவுத்தர் வருவார், பின் இருக்கையில் ஏறி உட்காருவார். இன்ஜின் பிடித்துக்கொள்ளாமல் இருக்கப் பாக்கியசீலன் கொஞ்ச நேரம் ஓட விடுவான். பெட்ரோல் கிடைக்காத மாதங்களில் கைப்பிடியைப் போட்டுச் சும்மா சுற்றுவான். அப்போது இருவரும் வழியைப் பற்றிப் பேசுவார்கள்.

"பாரசீகத்துல கெர்மான் தாண்டுனா குளிராம்லா, வே? கம்பளி போதுமா?"

"நாலு எடுத்திருக்கேன் அண்ணாச்சி. ஆத்துல பாலம் இல்லைன்னா பரிசல் ரெண்டைச் சேத்துக் கட்டி ஏத்திரலாம்."

"அந்த ஊரு மாதுளை தேங்கா பருமன் இருக்குமாம்."

நான்கு வருஷம் இப்படியே போயிற்று. இங்கிலீஷ்காரப் பட்டாளம் எருசலேமுக்குள் போய்விட்டது என்று செய்தி வந்த நாளில் பாளையங்கோட்டைக் கோயில் மணிகளை அடித்தார்கள். பாக்கியசீலன் பட்டறையை அடைத்துவிட்டு, வண்டியின் நான்கு சக்கரங்களையும் கழற்றி, மசகு போட்டு மாட்டினான். ஆனால் சண்டை முடிகிற வருஷத்தில் விஷக்காய்ச்சல் வந்து ஊரையே உலுக்கிற்று. சாலோமியின் பள்ளிக்கூடத்தில் ஏழு குழந்தைகள் செத்தன. ராவுத்தரும் படுத்தார். பிழைத்து எழுந்தபோது பாதி ஆளாகியிருந்தார்.

1919 வைகாசியில் கராச்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பாரசீகப் பாதையில் பட்டாளம் நிற்கிறது, கொள்ளையும் இருக்கிறது, இன்னும் சில வருஷங்களுக்கு யாரும் உத்தரவாதம் சொல்ல முடியாது என்று எழுதியிருந்தது. ராவுத்தர் அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்து படித்துக் காட்டினார்.

"இந்த வருஷம் கப்பல் விடுதாங்களாம்" என்றார். "நான் போறேன், வே."

பாக்கியசீலன் நிமிர்ந்து பார்த்தான். "ஏணியில ஏறிருவியளா?"

"தெரியல. காய்ச்சல்ல கெடக்கும்போது யோசிச்சேன். அவளுக்கு மேல போவக்கூடாதுன்னு இருந்தேன். பதினாலு வருஷம் அவ பக்கத்துல ஒரு ஆள் போவலியே, அதை நெனைக்காமப் போயிட்டேன்." அவர் வண்டியின் கறுப்புத் தகட்டைத் தடவினார். "உமக்குத்தான் நான் துரோகம் பண்ணுதேன்."

"அப்படிச் சொல்லாதிய அண்ணாச்சி."

"திமிஷ்க்குக்கு எதுக்கு நீரு அவ்வளவு சீக்கிரம் தலையாட்டுனீருன்னு எனக்கு அன்னைக்கே தெரியும், வே. படத்துல உம்ம கண்ணு எங்க போச்சுன்னு பாத்தேன்."

பாக்கியசீலன் கைப்பிடியை எடுத்து முன்னால் போய், தேவையில்லாமல் ஒரு சுற்றுச் சுற்றினான்.

ஆனி மாதம் ராவுத்தரை அவன்தான் அந்த வண்டியில் ரயிலடிக்குக் கொண்டு போனான். ரயில் வடக்கே நகர்ந்து கண்ணுக்கு மறைந்த பிறகும், மதுரை ரோட்டைப் பார்த்தபடி வண்டியில் உட்கார்ந்திருந்தான். பெட்டியில் இரண்டு டின் பெட்ரோல் இருந்தது. அந்த ரோட்டில் கயத்தாறு வரை போனான். அங்கே ஒரு கிணற்றில் தண்ணீர் வாங்கி ரேடியேட்டருக்கு ஊற்றிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். சாலோமி அவன் சட்டையில் இருந்த புழுதியைத் தட்டிவிட்டாள்.

ராவுத்தர் ஐப்பசியில் திரும்பினார். இளைத்திருந்தார், ஆனால் முகம் தெளிந்திருந்தது. ஏணியில் எப்படி ஏறினார் என்பது அவருக்கே நினைவில்லை. ஏடன் நெருங்கிய இரண்டு நாளும் மேல்தளத்திலேயே இருந்தாராம். இடம் எது என்று கப்பலில் யாருக்கும் தெரியவில்லை. அதனால் விடிந்ததிலிருந்து பொழுது அடைகிறவரை, இரண்டு பக்கக் கம்பியையும் மாறிமாறிப் பிடித்து நின்று ஸலாம் சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

"அவ பேரால முடிச்சிட்டேன், வே" என்றார். பிறகு, "ஜித்தாவுல இருந்து ஒட்டகத்துல போனேன். வழியில ஒட்டகத்தை நிறுத்தச் சொல்லி எறங்கி, மணலை மிதிச்சு மிதிச்சுப் பாத்தேன். கூட வந்தவுக எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னாங்க."

"எப்படி இருந்துச்சு?"

"மேல பொடி. நாலு விரல் அடியில கெட்டி. நம்ம வண்டி போவும்."

பாக்கியசீலன் விளக்கமாகக் கேட்டான். மேடுகள் எவ்வளவு உயரம், கல் இருந்ததா, கிணறுகள் எத்தனை மைலுக்கு ஒன்று. ராவுத்தர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். எல்லாம் சொல்லி முடித்ததும், வண்டியை நீரே வைத்துக்கொள்ளும் என்றார். அவன் வேண்டாம் என்றான். அவர் காதில் வாங்கவில்லை.

மறுநாள் காலை வாடகைக்குக் களக்காட்டுக்கு ஒரு கல்யாண வீட்டாரைக் கொண்டுவிட வேண்டியிருந்தது. பாக்கியசீலன் பட்டறையைத் திறந்து, பக்கவாட்டில் தொங்கிய தண்ணீர்ப் பைகளைத் தொட்டுப் பார்த்தான். பெண்வீட்டார் அவற்றில் சேலை சிக்கிக்கொள்ளும் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு பைகளைக் கழற்றினான். மற்ற இரண்டை அப்படியே விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினான்.